தூண்டிலும் பேனாவும்: பழைய மீன்பிடி எழுத்தாளர்கள், பத்திரிகைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மீன் பிடிப்பதைப் பற்றி எழுத அப்படி என்ன இருக்கிறது?

நானும் அப்படித்தான் நினைத்தேன். தாமிரபரணிக் கரையில் வளர்ந்த எனக்கு மீன்பிடிப்பு என்றால் ஒரு மூங்கில் கழி, கொஞ்சம் தங்கூசி, மயிலிறகுத் தண்டில் வெட்டிய தக்கை, சிரட்டையில் மண்புழு. அவ்வளவுதான். பிற்பாடு சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் ரோட்டு நடைபாதைக் கடையில் 1950களில் வந்த ‘ஃபீல்டு அண்ட் ஸ்ட்ரீம்’ என்ற அமெரிக்க வேட்டை, மீன்பிடி இதழ் ஒன்றை, அட்டை கிழிந்த நிலையில், இருபது ரூபாய்க்கு வாங்கினேன். அதில் ஒருவர் ஆற்றுப் பாறைக்குப் பின்னால் மீன் ஏன் நிற்கிறது என்று பக்கக்கணக்கில் எழுதியிருந்தார். ஓட்டம் பாறையில் மோதி இரண்டாகப் பிரிகிறது, பின்னால் தண்ணீர் தணிகிறது, மீன் அங்கே உடம்பை அலட்டிக்கொள்ளாமல் நின்று பக்கத்து ஓட்டத்தில் மிதந்து வரும் பூச்சியை மட்டும் எட்டிப் பிடித்துக்கொள்கிறது. சின்ன வயது முழுக்க நான் பார்த்த ஆற்றிலும் அதுதான் நடந்திருக்கும், ஆனால் அதைப் படித்த பிறகு ஊருக்குப் போனபோதுதான் என் கண்ணுக்குப் பட்டது. அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம், இன்னும் விடவில்லை.

முதலில் எழுதியவர் யார்?

ஆங்கிலத்தில் என்றால் 1496-இல் விங்கின் டி வோர்ட் அச்சிட்ட ஒரு சிறு நூலைச் சொல்லவேண்டும். ஜூலியானா பெர்னர்ஸ் என்ற பெண் துறவி எழுதியது என்பது வழிவழியாக வரும் பேச்சு, உறுதியான சான்று இல்லை. அதில் 12 ‘ஈ’க்களைக் கட்டும் முறை இருக்கிறது. ஈ என்றால் நிஜ ஈ இல்லை; தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் சுற்றி, மீனுக்குப் பூச்சி மாதிரித் தெரியும்படி செய்வது. கீழே ஈ என்று வரும் இடமெல்லாம் இதுதான்.

அப்புறம் 1653-இல் ஐசக் வால்டன். லண்டனில் துணி வியாபாரம் செய்தவர். நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்து, அரசன் தலையே வெட்டப்பட்டு நாலு வருடம்தான் ஆகியிருந்தது. அந்த நேரத்தில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் இரண்டு மூன்று பேரைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார், ‘தி கம்ப்ளீட் ஆங்லர்’. 1676 பதிப்பில் அவருடைய நண்பர் சார்லஸ் காட்டன் ஈ தூண்டிலைப் பற்றி ஒரு தனிப் பகுதியே எழுதிச் சேர்த்தார். தொழில்நுட்பம் தெரிய வேண்டும் என்றால் வால்டனைவிடக் காட்டன்தான் உதவுவார். மனசு அமைதிக்கு வால்டன்.

பத்திரிகைகள் எப்போது வந்தன?

அமெரிக்காவில் சார்லஸ் ஹாலக் 1873-இல் தொடங்கிய ‘ஃபாரஸ்ட் அண்ட் ஸ்ட்ரீம்’ வார இதழ் பெரிய தொடக்கம். பிறகு 1887-இல் ‘ஸ்போர்ட்ஸ் அஃபீல்டு’, 1895-இல் மினசோட்டாவில் ‘வெஸ்டர்ன் ஃபீல்டு அண்ட் ஸ்ட்ரீம்’ (இதுதான் பின்னால் நியூயார்க்குக்குப் போய் வெறும் ‘ஃபீல்டு அண்ட் ஸ்ட்ரீம்’ ஆனது), 1898-இல் டென்வரில் ‘அவுட்டோர் லைஃப்’. கால் நூற்றாண்டுக்குள் எல்லாம் வந்துவிட்டது. ரயில் போன இடத்துக்கெல்லாம் தபாலும் போனது, தபாலோடு பத்திரிகையும் போனது.

இங்கிலாந்தில் ‘ஃபிஷிங் கெஜட்’ 1877-இல் வந்தது. ஆர். பி. மார்ஸ்டன் என்ற ஆசிரியர் அதற்குள் போட்ட உழைப்புதான் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இவை வெறும் பொழுதுபோக்குப் பத்திரிகைகள் தானே?

இல்லை. இதை மட்டும் நான் அழுத்திச் சொல்வேன். ‘ஃபாரஸ்ட் அண்ட் ஸ்ட்ரீம்’ ஆசிரியராக இருந்த ஜார்ஜ் பேர்டு கிரின்னல் என்ன செய்தார் என்று பாருங்கள். 1886-இல் பறவைகளைக் காக்க முதல் ஆடுபான் சங்கத்தைத் தன் பத்திரிகை வழியாகவே தொடங்கினார். தொப்பியில் வைக்கும் இறகுக்காகப் பறவைகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற காலம் அது.

1894 மார்ச்சில் அவர் எமர்சன் ஹஃப் என்ற எழுத்தாளரைப் பனிக்காலத்தில் யெல்லோஸ்டோன் பூங்காவுக்கு அனுப்பினார். காட்டெருமை ஏறக்குறைய அற்றுப்போன நேரம். ஹஃப் அங்கே இருந்தபோதே எட்கர் ஹவல் என்ற வேட்டைக்காரன் பனிக்காட்டுக்குள் எருமைகளைச் சுட்டுத் தோலுரித்துக்கொண்டிருந்தபோது கையும் களவுமாகப் பிடிபட்டான். அவனைப் பிடித்து என்ன செய்ய முடியும்? பூங்காவை விட்டு வெளியேற்றலாம், அதற்கு மேல் தண்டனை கொடுக்கச் சட்டமே கிடையாது. ஹஃப் அந்தச் செய்தியை அனுப்பினார், கிரின்னல் போட்டார், படித்தவர்கள் கொதித்தார்கள், மே மாதமே பூங்காவின் விலங்குகளைக் காக்கும் சட்டத்தில் குடியரசுத் தலைவர் கிளீவ்லண்ட் கையெழுத்துப் போட்டுவிட்டார். இரண்டே மாதம். இது எருமைக் கதை, மீன் கதை இல்லை, தெரியும். ஆனால் அதே இதழில்தான் குளிர்ந்த ஆறுகளில் வாழும் ட்ரவுட் மீனைப் பற்றிய கடிதங்களும் வந்தன, அதே வாசகர்கள்தான் இரண்டையும் படித்தார்கள்.

தியோடர் கோர்டன் யார்? ஏன் எல்லோரும் அவரைப் பற்றியே பேசுகிறார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த மனிதர், அதனால் இந்தப் பதில் கொஞ்சம் நீளும்.

1854-இல் பிட்ஸ்பர்க்கில் பிறந்தவர். நெஞ்சு நோய், உடம்பு எப்போதும் சரியில்லை. நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைகளில் நெவர்சிங்க் என்ற ஆற்றின் பக்கம் போய்த் தங்கி, பெரும்பாலும் தனியாகவே வாழ்ந்தார். ஈ கட்டி விற்றார், குளிர்காலத்தில் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து கடிதம் எழுதினார். லண்டன் ‘ஃபிஷிங் கெஜட்’டுக்கு எழுதினார், ‘ஃபாரஸ்ட் அண்ட் ஸ்ட்ரீ’முக்கு எழுதினார். கட்டுரை என்று சொல்ல முடியாது. இந்த வாரம் ஆறு எப்படி இருந்தது, எந்தப் பூச்சி பறந்தது, தண்ணீர் எவ்வளவு குளிர், இப்படிப் போகும்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் ஃபிரெடரிக் ஹால்ஃபோர்டு என்பவர் தண்ணீர் மேல் மிதக்கும் ஈயைக் கட்டுவதில் பெரிய ஆள், 1886-இல் புத்தகமே போட்டிருந்தார். கோர்டன் அவருக்குக் கடிதம் எழுதிக் கேட்க, 1890 பிப்ரவரியில் ஹால்ஃபோர்டு தன்னுடைய ஈக்களை வகைக்கு ஒன்றாகக் கடல் தாண்டி அனுப்பிவைத்தார். கோர்டன் அவற்றைப் பார்த்தார், தன் ஆற்றுப் பூச்சிகளைப் பார்த்தார், இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஹால்ஃபோர்டின் ஆறுகள் சுண்ணாம்பு மண்ணில் ஊறி வரும் தெளிந்த, மெதுவான ஆறுகள். கேட்ஸ்கில் ஆறுகள் கல்லில் மோதிப் புரண்டு ஓடுபவை. அந்த நுரையில் மிதக்க, விறைப்பான சேவல் கழுத்து இறகு வேண்டும், பூச்சியும் உள்ளூர்ப் பூச்சியாக இருக்கவேண்டும். அப்படி அவர் கட்டியதுதான் ‘குவில் கோர்டன்’. இன்றைக்கும் வசந்த காலத்தின் தொடக்கத்தில் அங்கே அதைப் போடுகிறார்கள்.

1915-இல் இறந்தார். புத்தகம் எதுவும் போடவில்லை. கடிதங்களும் குறிப்புகளும் பத்திரிகைப் பக்கங்களில் சிதறிக் கிடந்தன, 1947-இல் ஜான் மெக்டொனால்ட் அவற்றைத் தேடித் தொகுத்தார். பத்திரிகை மட்டும் இல்லாதிருந்தால் கேட்ஸ்கில் மலைக்கு வெளியே அவர் பேர் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் நின்று மீன் பிடித்த நெவர்சிங்க் ஆற்றின் ஒரு பகுதி இப்போது நியூயார்க் நகரத்துக்குக் குடிநீர் கொடுக்கும் நீர்த்தேக்கத்துக்கு அடியில் இருக்கிறது.

ஹால்ஃபோர்டுக்கும் ஸ்கூஸுக்கும் என்ன சண்டை?

ஹால்ஃபோர்டின் கட்சி: மீன் மேலே வந்து பூச்சி எடுக்கும்போது, மிதக்கும் ஈயை அதன் முன்னால் போடுவதுதான் முறையான மீன்பிடிப்பு. ஜி. ஈ. எம். ஸ்கூஸ் லண்டனில் சட்டத் தொழில் பார்த்தவர். மீன் தின்பதில் பெரும்பங்கு தண்ணீருக்கு அடியில் இருக்கும் இளம்பூச்சிதான், அதைப் போலச் செய்து போட்டால் என்ன குற்றம் என்று கேட்டார், 1910-இல் புத்தகமாகவும் எழுதினார். ஹால்ஃபோர்டு 1914-இல் இறந்த பிறகும் அவர் சீடர்கள் விடவில்லை. 1938-இல் லண்டன் ஃப்ளைஃபிஷர்ஸ் கிளப்பில் இதற்கென்றே ஒரு விவாதக் கூட்டம் போட்டார்கள், எண்பதை எட்டிக்கொண்டிருந்த ஸ்கூஸ் அங்கே எழுந்து பதில் சொன்னார். என்னைக் கேட்டால் ஸ்கூஸ் சொன்னதுதான் சரி. மீன் வயிற்றில் என்ன இருக்கிறது என்று எடுத்துப் பார்த்துவிட்டுப் பேசினவர் அவர்.

ஒரு சின்ன விஷயம், நம்ம ஊர்ப் பத்திரிகை வாசகர்களுக்குப் பிடிக்கும். இவர்கள் எல்லாம் புனைபெயரில்தான் எழுதினார்கள். ஹால்ஃபோர்டு ‘டிடாச்ட் பேட்ஜர்’, ஸ்கூஸ் ‘வால் கான்சன்’.

பெண்கள் யாரும் எழுதவில்லையா?

எழுதினார்கள், கொஞ்சம் அல்ல. மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த கார்னீலியா கிராஸ்பி ‘ஃப்ளை ராடு’ என்ற பெயரில் பத்தி எழுதினார். அந்த மாநிலம் வழிகாட்டிகளுக்கு உரிமம் கொடுக்க ஆரம்பித்த 1897-இல் முதல் உரிமம் அவருக்குத்தான். மேரி ஆர்விஸ் மார்பரி 1892-இல் கொண்டுவந்த புத்தகம் இன்னொரு மாதிரி. நாடு முழுக்க இருந்த மீன்பிடிப்பவர்களுக்குக் கடிதம் போட்டு, உங்கள் ஊரில் எந்த ஈ எடுக்கிறது, அதற்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டு, வந்த பதில்களையும் வண்ணப் படங்களையும் சேர்த்துப் போட்டார். ஒவ்வொருத்தர் ஒவ்வொரு பெயரில் சொல்லிக்கொண்டிருந்த ஈக்களுக்கு ஒரு ஒழுங்கு வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

மீன் சாதனைகளைப் பத்திரிகைதான் பதிவு செய்தது என்கிறார்களே?

ஆமாம். ‘ஃபீல்டு அண்ட் ஸ்ட்ரீம்’ 1911-இலிருந்து பெரிய மீன் போட்டி நடத்தியது, நன்னீர் மீன் சாதனைக் கணக்கையும் அதுவே வைத்திருந்தது. 1978-இல்தான் அந்தப் பொறுப்பைச் சர்வதேச விளையாட்டு மீன் சங்கத்திடம் கொடுத்தது.

அதில் ஜார்ஜ் பெர்ரி கதையைச் சொல்லியே ஆகவேண்டும். 1932 ஜூன் 2, ஜார்ஜியா மாநிலம், பொருளாதாரப் பெருமந்தக் காலம். பெர்ரி விவசாயக் குடும்பத்துப் பையன், வயது இருபதை ஒட்டி. மழைக்கு வயலில் வேலை இல்லை, நண்பரோடு மான்ட்கோமரி ஏரிக்குப் போனார். ‘பெரிய வாய் பாஸ்’ என்ற நன்னீர் மீன் ஒன்று மாட்டியது. ஹெலீனா ஊர்த் தபால் நிலையத் தராசில் 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது 10 கிலோவுக்கு மேல். விவரத்தைப் போட்டிக்கு அனுப்பினார், 75 டாலர் மதிப்புள்ள பொருள்கள் பரிசு. மீன்? வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிட்டார்கள். அந்தக் காலத்தில் அந்த எடைக்கு மீன் என்றால் குடும்பத்துக்கே சோறு. 77 வருடம் கழித்து 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா அதே அளவு மீனைப் பிடித்தார், ஓர் அவுன்ஸுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கூடுதல். அந்த வித்தியாசம் போதாது என்று இருவருக்கும் சேர்த்தே சாதனை.

மாதாமாதம் எழுதியவர்களில் யாரைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

ரே பெர்க்மன், ‘அவுட்டோர் லைஃப்’ மீன்பிடிப் பகுதியின் ஆசிரியர். நியூயார்க்குக்கு மேலே நயாக் என்ற ஊரில் இருந்தார். 1938-இல் வந்த ‘ட்ரவுட்’ அவருடைய பெரிய புத்தகம். நூற்றுக்கணக்கான ஈக்கள் வண்ணத்தில் இருக்கும். தான் தோற்ற நாட்களையும் அவர் விவரமாக எழுதுவார், அதனாலேயே நம்பலாம்.

‘ஃபீல்டு அண்ட் ஸ்ட்ரீ’மில் ஏ. ஜே. மெக்கிளேன். 1965-இல் வந்த அவருடைய மீன்பிடிக் கலைக்களஞ்சியம் தலையணை கனம். அதே பத்திரிகையில் எச். ஜி. டாப்ளி 1950-இலிருந்து 35 வருடம் ‘டாப்ஸ் டிப்ஸ்’ எழுதினார். நாலைந்து வரிக் குறிப்புகள், நம்ம வார இதழ்களில் வீட்டுக்குறிப்பு வருமே அது போல. என்னிடம் இருக்கும் இதழில் அந்தப் பக்கத்தில் யாரோ பென்சிலால் ஒரு குறிப்பைச் சுற்றிக் கட்டம் போட்டு, ஓரத்தில் ஒரு ‘டிக்’கும் அடித்திருக்கிறார்கள். செய்து பார்த்திருக்கிறார், வேலை செய்திருக்கிறது. அந்த இதழ் எந்தக் கப்பலில் ஏறி, யார் கையிலிருந்து சென்னைக்கு வந்ததோ.

டெட் ட்ரூபிளட்டை விட்டுவிடக் கூடாது. ஐடஹோ மாநிலம் நாம்பா ஊர்க்காரர். கூடாரம், நாய், ஆறு என்று எளிமையாக எழுதியவர், ஆனால் பொதுநிலத்தை விற்கவோ ஆற்றைக் கெடுக்கவோ யாராவது கிளம்பினால் எழுத்தே மாறிவிடும். சால்மன் ஆற்றைச் சுற்றியிருக்கும் பெருங்காட்டைக் காப்பதற்காக வருடக்கணக்கில் எழுதினார், கூட்டம் கூட்டினார். 1980-இல் ஏறக்குறைய 23 லட்சம் ஏக்கர் பாதுகாக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டது. அதைப் பார்த்துவிட்டு 1982-இல் போய்ச் சேர்ந்தார்.

கதை மாதிரி எழுதியவர்கள்?

கார்டன் மெக்குவாரி. விஸ்கான்சின்காரர், 1936-இலிருந்து 1956-இல் இறக்கும்வரை ‘மில்வாக்கி ஜர்னல்’ நாளிதழில் வெளிப்புறப் பகுதியை எழுதினார். கதைகளில் ‘பழைய வாத்து வேட்டைக்காரர்கள் சங்கம்’ என்று ஒன்று வரும். சங்கத்தில் மொத்தமே இரண்டு பேர், இவரும் ‘தலைவரும்’. தலைவர் வேறு யாரும் இல்லை, இவருடைய மாமனார். மாமனாரும் மருமகனும் விடியலுக்கு முன்னால் பழைய காரில் கிளம்பி, குளிரில் நடுங்கி, ஒருத்தரை ஒருத்தர் சீண்டிக்கொண்டு ஏரிக்குப் போகும் கதைகள். மாமனார் மருமகன் உறவை இவ்வளவு அன்பாக எழுதியதை நான் வேறு எங்கும் படித்ததில்லை. மாமனார் இறந்த பிறகு எழுதியவற்றை ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை.

ராபர்ட் ருவார்க் 1953-இலிருந்து ‘ஃபீல்டு அண்ட் ஸ்ட்ரீ’மில் எழுதிய ‘தி ஓல்டு மேன் அண்ட் தி பாய்’ தொடர் தாத்தாவும் பேரனும். எட் ஜெர்ன் சிரிக்கவைப்பவர், பத்திரிகையின் கடைசிப் பக்கங்களில் வருவார். 1959-இல், ஊரே தடை, வழக்கு என்று பேசிக்கொண்டிருந்த டி. எச். லாரன்ஸின் ‘லேடி சாட்டர்லியின் காதலன்’ நாவலை எடுத்துக்கொண்டு, காட்டுக் காவலாளி வேலையைப் பற்றிய கையேடு என்ற முறையில் அதற்கு மதிப்புரை எழுதினார். பலர் அதை நிஜம் என்றே நம்பிவிட்டார்கள்.

இங்கிலாந்தில் சாதாரண மக்கள் படித்தது யாரை?

பெர்னார்டு வெனபிள்ஸ், ரிச்சர்டு வாக்கர். வெனபிள்ஸ் ‘டெய்லி மிரர்’ நாளிதழில் படக்கதையாக வரைந்தார்: புகைக்குழாய் பிடிக்கும் அப்பா கிராப்ட்ரீ, பையன் பீட்டர், இருவரும் மாதத்துக்கு ஒரு மீனைத் தேடிப் போவார்கள். 1949-இல் புத்தகமாக வந்து லட்சக்கணக்கில் விற்றது. அங்கேயும் மயிலிறகுத் தண்டில் தக்கை செய்வார்கள் என்று தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

வாக்கர் பொறியாளர், எதையும் சோதித்துப் பார்த்தே எழுதுவார். 1952 செப்டம்பர் 13 அன்று ரெட்மையர் குளத்தில் 44 பவுண்டு கெண்டையைப் பிடித்தார். கிட்டத்தட்ட 20 கிலோ. உயிரோடு லண்டன் மிருகக்காட்சிசாலைக்குக் கொடுத்துவிட்டார், அங்கே அது 1971 வரை வாழ்ந்தது. அதுவரை பெரிய கெண்டையைப் பிடிக்கவே முடியாது, அதிர்ஷ்டம்தான் என்பார்கள். அடுத்த ஜூலையில் ‘ஆங்லிங் டைம்ஸ்’ வார இதழ் தொடங்கியது, வாக்கர் அதில் முப்பது வருடம் போல எழுதினார். மீன் கடித்தால் சத்தம் போடும் மின்கருவி, ‘ஆர்ல்சி பாம்’ என்ற ஈயக்குண்டு எல்லாம் அவர் செய்தவை.

பிடித்த மீனைத் திரும்ப விடச் சொன்னது யார்?

ஒருத்தரை மட்டும் சொல்ல முடியாது, ஆனால் அமெரிக்காவில் அந்தப் பேச்சை ஊருக்கெல்லாம் கொண்டுபோனவர் லீ உல்ஃப். நல்ல மீன் ஒரே ஒரு முறை பிடித்து முடித்துவிட முடியாத அளவுக்கு மதிப்புள்ளது என்று 1939-இல் வந்த கையேட்டில் எழுதினார். அப்போது பை நிறையப் பிடித்துக் காட்டுவதுதான் பெருமை. பெர்ரி குடும்பம் சாப்பிட்டதை இதோடு சேர்த்துக் குறை சொல்ல வேண்டாம். பசிக்குப் பிடிப்பது வேறு.

இந்தியாவில் இப்படி யாராவது எழுதினார்களா? தமிழ்நாட்டோடு தொடர்பு உண்டா?

உண்டு. ஹென்றி சல்லிவன் தாமஸ் சென்னை மாகாண சிவில் அதிகாரி, தென் கன்னடத்தில் கலெக்டராக இருந்தவர். 1873-இல் மங்களூரில் அச்சான ‘தி ராடு இன் இந்தியா’ அவர் எழுதியது. மஹசீரைத் தூண்டிலில் பிடிப்பது எப்படி என்பதற்கு அதுதான் பல தலைமுறைக்குப் பாடநூல். 1887-இல் ‘டேங்க் ஆங்லிங் இன் இந்தியா’ என்று குளத்து மீன்பிடிப்பு பற்றியும் எழுதினார். நம்ம ஊர்க் குளங்களில் தூண்டில் போட்டு வளர்ந்தவர்களுக்கு இதுதான் நெருக்கமான புத்தகம். ஆற்றில் குஞ்சு மீன்களை வாரி அழிப்பது பற்றி 1870-லேயே அரசுக்கு அறிக்கை கொடுத்தவர் அவர். வெடிவைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதைத் தடுக்கும் சட்டம் 1897-இல்தான் வந்தது. ஆங்கிலேய அதிகாரியின் கண், அந்தக் காலத்து மேட்டிமை எல்லாம் அவர் எழுத்தில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டே படிக்கவேண்டும். ஜிம் கார்பெட்டும் 1944-இல் வந்த புலி வேட்டைப் புத்தகத்தின் நடுவில் மஹசீருக்கு ஒரு அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார்.

மைசூரில் விலங்குகளைப் பதப்படுத்தும் தொழில் செய்த வான் இங்கன் குடும்பத்தில் ஒருவர் 1946-இல் கபினியில் பிடித்த மஹசீர் 120 பவுண்டு. காவிரியிலும் அதன் கிளைகளிலும் மட்டுமே உள்ள அந்தத் திமில் மஹசீர் 2018-இல் அற்றுப்போகும் விளிம்பில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. இன்னமும் அது இருக்கும் சில இடங்களில் நம்ம மாயாறும் ஒன்று. தாமஸ் புத்தகத்தை மாயாற்றை நினைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள்.

அந்தப் பத்திரிகைகள் இப்போது இருக்கின்றனவா?

‘ஃபாரஸ்ட் அண்ட் ஸ்ட்ரீம்’ 1930-இல் ‘ஃபீல்டு அண்ட் ஸ்ட்ரீ’மோடு சேர்ந்தது. ‘ஃபீல்டு அண்ட் ஸ்ட்ரீம்’ 2020-இல் அச்சை நிறுத்தி இணையத்துக்குப் போனது. 2024-இல் எரிக் சர்ச், மார்கன் வாலன் என்ற இரண்டு பாடகர்கள் வாங்கி, வருடத்துக்கு இரண்டு அச்சிதழ் கொண்டுவர ஆரம்பித்தார்கள். ‘அவுட்டோர் லைஃப்’ இணையத்தில் மட்டும். ஒஹையோவிலிருந்து வரும் ‘ஃபர்-ஃபிஷ்-கேம்’ 1925-இலிருந்து பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல் வந்துகொண்டிருக்கிறது.

எங்கே படிக்கலாம்? எதிலிருந்து ஆரம்பிக்க?

வால்டன், தாமஸ், ‘ஃபாரஸ்ட் அண்ட் ஸ்ட்ரீ’மின் பழைய தொகுதிகள் எல்லாம் இணைய ஆவணக் களஞ்சியங்களில் இலவசம். மெக்குவாரி, பெர்க்மன் மறுபதிப்பாகவோ பழைய பிரதியாகவோ கிடைக்கும். முதல் தடவை என்றால் மெக்குவாரி கதை ஒன்று, பிறகு கோர்டனின் கடிதங்கள். கடிதங்களை வரிசையாகப் படிக்க வேண்டாம், இப்போது என்ன மாதமோ அந்த மாதத்தில் அவர் எழுதியதைத் தேடி எடுங்கள். பழைய இதழ் ஏதாவது நடைபாதையில் கிடைத்தால் கட்டுரையோடு நிறுத்தாமல் கடைசிப் பக்கத்துச் சின்ன விளம்பரங்களையும் பாருங்கள், தபாலில் மண்புழு விற்றவர்கள், தபாலிலேயே விலங்கு பதப்படுத்தச் சொல்லிக்கொடுத்த ஒமாஹா பள்ளி, எல்லாரும் அங்கே இருக்கிறார்கள்.